சுமைதாங்கிக் கல்லுக்கு ஒரு புள்ளி

இலக்கியா சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஸ்ரீமுஷ்ணம் சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருடமாகிறது. கூட வேலை பார்க்கும் ஜான்சி அவளுக்கு ஒரு கைப்பேசி விளையாட்டைப் பழக்கிவிட்டாள். நிஜத் தெருவில் நடக்க வேண்டும். கோயில், சிலை என்று வரைபடத்தில் புள்ளி வைத்த இடங்களை நெருங்கினால் பரிசு. சிதம்பரத்தில் பத்தடிக்கு ஒரு புள்ளி இருந்தது. ஊரில் பஸ் நின்றால் திரை வெறும் பச்சை. அது அவளை உறுத்தியது.

புதிய இடங்களை ஆடுகிறவர்களே சிபாரிசு செய்யலாம். எங்கோ இருக்கும் மற்ற ஆட்டக்காரர்கள் படத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். ஏரிக்கரைச் சுமைதாங்கிக் கல்லை அனுப்பினாள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒருத்தியின் பேரில், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட கல் அது. 'சாதாரணக் கல்' என்று தள்ளிவிட்டார்கள். மறுமுறை, 'இடம் உறுதியாகவில்லை'. மூன்றாம் முறை நாலு பக்கமும் நின்று படமெடுத்து அனுப்பி நிமிர்ந்தபோது பழனிவேல் நின்றிருந்தார். கணவன் இளவரசுவுக்குச் சித்தப்பா முறை. கல்லை ஒட்டி அவர் நிலம்.

"என்னம்மா, கல்ல சுத்திச் சுத்திப் படம் புடிக்கிற?"

சிரித்தபடி திரையைக் காட்டினாள். வரைபடத்தில் அவர் வயலோரமாக ஒரு சிவப்புக் குறி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"போன வருசம் நெலம் அளக்க டிரோன் வுட்டவனுங்களும் இப்படித்தான் காட்டுனானுங்க. எந்த ஆபீசுக்குக் குடுக்கற?"

"ஐயோ மாமா, இது கேம்."

"வெளையாட்டுக்கு எதுக்கும்மா எங்க கல்லு?"

அவருடைய அம்மா பிறந்த ஊரையே நிலக்கரிச் சுரங்கத்துக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே முதலில் வந்தது வரப்புக் கற்களில் எழுதிய பெயிண்ட் நம்பர்தான்.

பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டு வாசலில் இருபது பேர். யாரும் கத்தவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. தினமும் பஸ்ஸில் இடம் பிடித்துவைக்கும் மலர்க்கொடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அழிச்சிடு இலக்கியா" என்றான் இளவரசு.

அழிக்க முடியவில்லை. ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டிருந்தது. அதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு குரல், "பாத்தீங்களா, மேல போயிடுச்சு" என்றது.

அதன்பின் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மெயில் வந்த சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தாள். இந்த முறையும் தள்ளிவிட வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் 'வாழ்த்துகள், ஏற்கப்பட்டது' என்று வந்தது. ஊசியை ஜான்சியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

மறைத்துவிடலாம். ஆனால் விவரம் தெரியாத யாராவது அந்தப் புள்ளியைத் தேடி வந்து இந்தக் கூட்டத்திடம் மாட்டினால்? பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பழனிவேல் வீட்டுக்குப் போனாள்.

"வந்துடுச்சு மாமா. இனிமே யாராவது தேடிக்கினு வருவாங்க. ஆபீசு ஆளுங்க இல்ல, வெளையாடற புள்ளைங்க. அடிச்சிடாதீங்க."

அவர் எழுந்து கல் இருந்த பக்கம் நடந்தார்.

அடுத்த ஞாயிறு கடலூரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பையனும் பெண்ணும் வந்து கல்லுக்கு நேரே போனைத் தூக்கினார்கள். சேதி கேட்டு இலக்கியா செருப்பில்லாமல் ஓடினாள். அதற்குள் கூட்டம் வளைத்துவிட்டது. யாரோ சாவியைப் பிடுங்கியிருந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நடுவில் பழனிவேல் கைகளை விரித்து நின்றார்.

"வுடுங்கப்பா. வெளையாட வந்த புள்ளைங்க."

சொல்வதை அவரே முழுதாக நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சாவியை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"உன்ன நம்பித்தான் வுட்டேன்மா" என்றார் பிறகு. "நாளைக்கு எவனாவது பெயிண்ட் டப்பாவோட வந்தான்னா நீதான் முன்னாடி நிக்கணும்."

"நிக்கறேன் மாமா."

அன்றே விளையாட்டைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள். ஏரிக்கரையில் தெரியாத ஜீப் ஏதாவது வேகம் குறைந்தால், இப்போதெல்லாம் முதலில் வெளியே வந்து பார்ப்பது இலக்கியாதான்.