கேட்டு வாங்கிய துணி

"இதெல்லாம் உள்ள அனுப்பக் கூடாதும்மா. வெளித்துணி."

சின்னச் சன்னல் வழியாக நர்ஸ் அந்தப் பையை என்னிடமே திருப்பித் தள்ளினாள். மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பையில் இருந்தவை மருமகன் வாங்கிவந்த பூப்போட்ட புதுத் துணிகள். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. மூக்கு மட்டும் வேலை செய்தது. பினாயில், பக்கத்தில் யாரோ குடித்த டீ, சலவைக்குப் போய்வந்த ஆஸ்பத்திரித் துணி.

உங்களுக்கும் இப்படி ஆகுமா என்று தெரியவில்லை. பெரிய விஷயம் ஒன்று எதிரில் வந்து நின்றால் மனசு அதைப் பார்க்காமல் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. என் மனசு போய் உட்கார்ந்தது அம்மா தைத்த போர்வைமேல். அதற்கும் ஒரு வாசனை உண்டு. விளக்கெண்ணெய், பால், வெயில், கொஞ்சம் மூத்திரம். மூத்திரம் முதலில் என்னுடையது, பிறகு தம்பியுடையது. எவ்வளவு துவைத்தாலும் முழுதாகப் போகாது.

அம்மா தையல் படித்தவள் இல்லை. பழம் புடவையை நாலாக மடித்துப் போட்டு, மேலே துண்டுத் துணிகளைப் பரப்பி, விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போவாள். ஒரு தையல் அரிசி அளவு இருக்கும், அடுத்தது புளியங்கொட்டை அளவு. மதியம் கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து தைப்பாள். ஊசி ஓடாவிட்டால் எண்ணெய்த் தலையில் இரண்டு தேய்ப்பு. எங்கள் வடக்கனந்தலில் மார்கழிப் பனி கல்வராயன் மலையிலிருந்து நேராக வீட்டுக்குள் இறங்குவதுபோல் இருக்கும். ஆளுக்கொரு போர்வை இருந்தும் நானும் தம்பியும் ஒன்றைத்தான் இழுத்துச் சண்டை போடுவோம். பழசுதான் மெத்தென்று இருக்கும்.

அந்தப் பழசில் எங்கள் வீட்டுத் துணி ஒரு முழம்கூடக் கிடையாது.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஆனால் அடுத்த பிள்ளைக்குச் சொந்தத் துணி போட மாட்டார்கள். பிள்ளைகள் பிழைத்துத் தங்கிய வீடுகளாகப் பார்த்து, தாய் போய் வாசலில் முந்தானையை ஏந்த வேண்டும். எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எதற்கு என்று சொல்லக் கூடாது. கொடுப்பவர்களும் கேட்கக் கூடாது. இது எங்கள் பிள்ளை இல்லை, ஊர்ப்பிள்ளை என்று எதையோ ஏமாற்றுகிற வேலை.

அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது அழ மாட்டாள். சிரிப்பாள். மேலத்தெருப் பெரிய வீட்டம்மா நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர், அம்மா முந்தானையை விரித்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கொடியிலிருந்த ஈரப் பாவாடையையே உருவிவந்து போட்டாராம். கச்சிராயபாளையத்தில் மளிகைக்கடை பாயின் வீட்டுக்காரம்மா தன் மகன் சட்டையைக் கொடுத்தாராம். "எங்க உழுந்தாலும் எழுந்து வர்றவன் சட்டைம்மா இது. அடிச்சாலும் அழமாட்டான். எடுத்துக்கினு போ, அல்லா பாத்துக்குவான்." சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவந்த மலைக்காரம்மாதான் எல்லோரையும் மிஞ்சியவள். "துணி இன்னாத்துக்கு? புள்ளையே ஒண்ணு தர்றேன், கூட்டிக்கினு போ. வூட்ல ஆறு கீது, சோறு ஆக்கி மாளல" என்றபடியே தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாளாம்.

அப்பாவுக்கு அந்த மூட்டையைப் பார்த்து ஒரே கேலி. "ஊர்க் கந்தலெல்லாம் நம்ம வூட்லதான் கீது. திருடன் வந்தான்னா அழுதுட்டு, அவன் துண்டையும் போட்டுட்டுப் போவான்."

அம்மா இறந்தபோது படுக்கையோடு அந்தப் போர்வையையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அது எங்கள் வழக்கம். அப்போது நான் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்ததற்கு மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் புதுநகரில் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான் அறிவியல் டீச்சர். மூடநம்பிக்கை பற்றி வருடா வருடம் பேச்சுப்போட்டி நடத்தி நானே நடுவராக உட்காருகிறவள். வாசலில் குழந்தைச் செருப்பு கிடக்கிற வீடுகளாகப் பார்த்து மணியடித்தேன்.

"பழைய துணி இருந்தா குடும்மா."

"எதுக்கு டீச்சர்?"

முதல் வீட்டிலேயே அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது என்பதைவிட, சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. "வண்டி தொடைக்க" என்றேன்.

அதற்குப்பிறகு எல்லா வீட்டிலும் வண்டி துடைக்கத்தான். புடவை யாரும் தரவில்லை. "காட்டன்லாம் யாரு டீச்சர் கட்டறாங்க? நைட்டிதான்" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "கடையில மஞ்சத்துணி விக்கறாங்க டீச்சர், நல்லா உறிஞ்சும்" என்று யோசனை சொன்னாள். தெருக்கோடி வீட்டுப் பெண் மட்டும், "எம்புள்ள பனியன் கீது, பரவால்லயா?" என்று கேட்டுவிட்டு, பையில் போடுவதற்கு முன் ஒருமுறை உதறிக் கொடுத்தாள். கிழிந்த பனியன்கள், ஒரு நைட்டி, ஒரு பள்ளிச் சீருடையின் கை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன். காய்ந்ததும் அம்மா மாதிரி போர்வையாகத் தைத்தேன். எனக்கும் தையல் வராது.

அதுவும் வெளித்துணிதான். கண்ணாடிப் பெட்டிக்குள் போகாது. தெரிந்தேதான் தைத்தேன். தினமும் சன்னலுக்கு இந்தப் பக்கம், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே எடை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மகள் வந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் "சரி" என்பேன். "இன்னாம்மா, எது சொன்னாலும் சரிங்கற?" என்று ஒருநாள் கத்தினாள். அதற்கும் சரி என்றேன்.

குழந்தை இப்போது வீட்டில் இருக்கிறாள். மருத்துவர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் அது உள்ளே போய்ச் சேரவில்லை. தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் தெருப்பெண்கள் பார்க்க வந்தார்கள். பொம்மை, சோப்புப்பெட்டி, கொசுவலை. கோடி வீட்டுப் பெண் குழந்தையைப் போட்டிருந்த, நான் தைத்த போர்வைமேலேயே கையை ஊன்றிக் குனிந்து, "அழகா கீறா டீச்சர்" என்றாள். தன் வீட்டுப் பனியன் அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது பாய்க்கடை வழியாக ஓட முடியாது. உள்ளேயிருந்து அந்தம்மா அதட்டுவார். "ஏய், எங்க ஓடற? எம்புள்ள சட்டையில வளந்தவ நீ. வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ." பெரிய வீட்டம்மா என் மதிப்பெண்ணைக் கேட்டுத் திட்டுவார். மலைக்காரம்மா சந்தையில் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ம், தேறிக்கினா" என்பாள். துணி கொடுத்த எல்லோருக்கும் என்மேல் பாத்தியதை இருந்தது. அவர்கள் யாரும் இன்று இல்லை.

தெருப்பெண்கள் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வரோம் டீச்சர்" என்று, எதைக் கொடுத்தோம் என்று தெரியாமலே அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.