எடுத்துப் போடுறதும் எடுத்து வைக்கிறதும்

போன வருஷம் மழைக்காலம் முழுக்க நம்ம பெண்கள் ஐக்கிய ஜெபத்துல ஒரு விண்ணப்பம் வாசிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் வயிற்றிலுள்ள கட்டி மறைய." ஒவ்வொரு வாரமும் நீங்க கண்ணை மூடி, "எடுத்துப் போடும் ஆண்டவரே"ன்னு எனக்காக மன்றாடினீங்க. நானும் உங்க நடுவுல பாய்ல உட்கார்ந்து ஆமென் சொன்னேன். அந்தச் சகோதரி நான்தான்.

திற்பரப்பு பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கேன். இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகல. காலேஜ் படிக்கும்போதே மாசாமாசம் வலி உண்டு. "பொம்பளைக்கு இது உள்ளதுதான் மக்ளே, கொஞ்சம் கசாயம் குடி"ன்னு அம்மை சொல்லுவா. நானும் குடிச்சிட்டுப் போவேன். போன வருஷம் அது கசாயத்துக்கு அடங்கல. போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே கால் தளர்ந்துரும். நாற்காலியைப் பிடிச்சு உட்கார்ந்துதான் பாடம் நடத்தினேன். பிள்ளைங்க ஒண்ணும் கேக்கல, ஆனா அந்த நாள்ல மட்டும் வகுப்பு ரொம்ப அமைதியா இருக்கும். அதுக்கே எனக்கு அழுகை வரும்.

நாகர்கோவில்ல ஸ்கேன் எடுத்தோம். ரெண்டு சினைப்பையிலயும் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ்னு சொன்னாங்க. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, மாசாமாசம் அங்கேயும் ரத்தம் கசிஞ்சு, போக வழியில்லாம தேங்கிக் கட்டியாகுமாம். ரத்தப் பரிசோதனையில முட்டை இருப்பும் என் வயசுக்குக் குறைவுன்னு வந்தது.

கட்டின்னு தெரிஞ்ச வாரமே உங்ககிட்ட விண்ணப்பம் கொடுத்துட்டு, ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாத்தோம். நல்ல மனுஷர்தான், அவசரத்துல இருந்தார். "இடது பக்கம் பெருசு. அந்தச் சினைப்பையையே எடுத்துப் போட்டிரலாம். வலதுல கட்டியைச் சுரண்டி எடுத்துரலாம்"ன்னார்.

"பிறகு பிள்ளை உண்டாகுமா டாக்டர்?"

"அதைக் கல்யாணம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

பஸ்ல வரும்போது எனக்கு ஒண்ணு மட்டும் மனசுல ஓடிட்டே இருந்தது. டாக்டரும் எடுத்துப் போடணும்னு சொல்லுகார், சபையும் எடுத்துப் போடும்னு ஜெபிக்குது. அன்னைக்குப் பிறகு எனக்கு அந்த ஜெபத்தைச் சொல்ல நாக்கு வரல. கட்டியோட சேர்த்து ஆண்டவர் எதை எடுத்துப் போடுவார்னு பயம் வந்துட்டு. உண்மையைச் சொல்லுகேன், அந்த மாசம் ஜெபிக்க உட்கார்ந்தா வெறுமனே உட்கார்ந்துட்டு எழும்பிருவேன்.

ஸ்கேன் எடுத்த சமயத்துலயே துபாய்ல வேலை பாக்குற ஒரு பையன் வீட்டுல இருந்து கல்யாண ஆலோசனை வந்திருந்தது. "கல்யாணம் கழிச்சா இதெல்லாம் தானா சரியாவும். யாருட்டயும் வாயைத் திறக்காத"ன்னு அம்மை கண்டிப்பாச் சொல்லிட்டா. விண்ணப்பத்துல என் பேரு இல்லாமப் போனதும் அதனாலதான்.

வேற ஒரு டாக்டரையும் பாப்போம்னு நான் ஒத்தக்கால்ல நின்னு அம்மையைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். படத்தை வரைஞ்சு காட்டி, பொறுமையா மலையாளத்துல பேசினாங்க. சினைப்பையை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் உரிக்கலாம். ஆனா உரிக்கும்போது உள்ள முட்டையும் கொஞ்சம் போகும், உள்ளதே குறைவு. அதனால, "ஆத்யம் முட்ட எடுத்து வெக்காம். பின்னே சர்ஜரி"ன்னாங்க. முதல்ல ஊசி போட்டு முட்டையை எடுத்துக் குளிர்ல உறைய வச்சிரணும், கட்டி பிறகு. எடுத்து வச்ச முட்டையெல்லாம் பிள்ளை ஆகும்னு உறுதி சொல்ல முடியாதுன்னும் மறைக்காமச் சொன்னாங்க.

அம்மைக்கு அது பிடிக்கல. "கல்யாணம் ஆகாத பிள்ளைட்ட இருந்து முட்டையை எடுத்து ஐஸ்ல வைக்கதா? தருவார்னு விசுவாசம் உள்ளவ எதுக்கு எடுத்து வைக்கணும்?"  எனக்கும் உள்ளுக்குள்ள அதே கேள்விதான். ஓணான் வேலிக்கும் தோட்டத்துக்கும் ஓடுற மாதிரி ரெண்டு டாக்டர் பேச்சுக்கும் நடுவுல ஓடிட்டே இருந்தேன். வலி மட்டும் மாசம் தவறாம வந்தது.

அப்போதான் என் ஜெபத்தை மாத்தினேன். "பிள்ளை தாரும்னு கேக்கல ஆண்டவரே. கட்டியை எடுத்துப் போடும்னும் கேக்கல. எந்த வழியில போவணும்னு ஒரு வார்த்தை தாரும். எங்க அம்மைக்கும் புரியுற மாதிரி தாரும்." இவ்வளவுதான் கேட்டேன்.

பதில் எப்படி வந்ததுன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, "முட்டை எடுத்து வைக்கணும்னா எப்ப வரணும் சிஸ்டர்?"னு கேட்டுட்டு இருந்தேன். அடுத்த வீட்டுல இருக்குற எங்க சித்தி, அம்மையோட தங்கச்சி, முற்றத்துல நின்னிருக்கா. அறுப்பின் பண்டிகைக்குச் சபையில விடுற காணிக்கை ஏலத்துக்கு நாங்க முட்டை சேர்க்கோம்னு நினைச்சுட்டா. சித்தி சும்மா இருப்பாளா? ஐக்கியம் முழுக்கச் சொல்லிட்டா. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஐக்கியத்துல உள்ள உங்கள்ல பாதிப்பேர் பையும் பாத்திரமுமா எங்க வீட்டு வாசல்ல நின்னீங்க. நாட்டுக்கோழி முட்டை, காடை முட்டை, ஒருத்தங்க தாரா முட்டை, அதான் வாத்து முட்டை. "முட்டை எடுத்து வைக்கீங்களாமே"ன்னு வேற கேட்டீங்க. விஷயம் வெளியே தெரிஞ்சுட்டுன்னு அம்மை முகத்துல ரத்தமே இல்ல.

நீங்கள்லாம் போன பிறகு சமையல்கட்டு முழுக்க முட்டை. நான் அதுக்கு நடுவுல உட்கார்ந்து சிரிக்க ஆரம்பிச்சேன். ரொம்ப மாசத்துக்குப் பிறகு சிரிச்ச சிரிப்பு. வயிறு வலிச்சும் நிக்கல. அம்மையும் சேர்ந்து சிரிச்சா, சிரிச்சுட்டே அழுதா. முட்டையை அடுக்க நின்ன சித்தி ஒண்ணும் புரியாம முழிச்சா. "ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" அப்போ அம்மையே முழுசும் சொன்னா.  சித்தி, "இதைப் போய் என்கிட்ட ஒளிச்சியா அக்கா?"ன்னு மட்டும் கேட்டா.

அப்புறம் நான் சோத்துக்கு அரிசி எடுக்கப் போனேன். நம்ம எல்லா வீட்டுலயும் போல, உலையில போடுறதுக்கு முன்னால ஒரு பிடி அரிசியைச் சபைக்குன்னு தனி டப்பாவுல போடுவோம். யோசிக்காமச் செய்யுற காரியம். அன்னைக்குக் கை டப்பா மேலயே நின்னுட்டு. கழுவுறதுக்கு முன்னால, பொங்குறதுக்கு முன்னால, பச்சையா இருக்கும்போதே எடுக்கோம். பானையில அரிசி கம்மியா இருந்த நாள்லயும் எடுத்திருக்கோம். முதல்ல எடுத்து வைப்போம், பிறகுதான் அடுப்பு.

"அம்மா, இதை விசுவாசம் இல்லாமயா எடுத்து வைக்கோம்?"னு கேட்டேன்.

அம்மை என் கையில இருந்த அரிசியைப் பாத்தா.  நான் போட்ட பிறகு டப்பாவை மூடி, அதன் இடத்துல வச்சா. "ஆஸ்பத்திரிக்கு எப்ப போவணும்?"னு கேட்டா.

வானத்துல இருந்து சத்தம் கேக்கல சகோதரிகளே. தினமும் கை போற இடத்துலயே ஆண்டவர் எனக்கு வார்த்தையை வச்சிருந்தார். அதுக்கு உங்களையும் உங்க கோழிகளையும் பயன்படுத்தினார். அந்த முட்டையெல்லாம் மறுநாள் ஏலத்துல போனது உங்களுக்குத் தெரியும்.

நாங்க போனோம். ஊசி போட்டாங்க, முட்டை எடுத்தாங்க. நினைச்சதைவிடக் குறைவுதான் கிடைச்சது, ஆனா கிடைச்சது. அதுக்குப் பிறகு சர்ஜரி. மயக்கம் தெளிஞ்சப்போ அம்மை என் காதுல, "ரெண்டும் இருக்கு மக்ளே"ன்னா. ரெண்டு சினைப்பையும் என்கிட்டயே இருக்கு. இப்போ மாத்திரை சாப்பிடுகேன், பரிசோதனைக்கும் போறேன். திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்லிருக்காங்க. ஆனா நின்னுகிட்டே பாடம் நடத்துகேன்.

துபாய் பையன் வீட்டாருகிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னேன். யோசிச்சுச் சொல்லுகோம்னாங்க, பிறகு பேச்சில்ல. வருத்தம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மறைச்சு வச்சுட்டுப் போய் வாழ்றதைவிட இது நிம்மதி.

சாட்சி சொல்ல வாறவங்க கையில பிள்ளையோட வருவாங்க. நான் வெறும் கையோட வந்திருக்கேன். பிள்ளை கிடைக்குமா, எனக்குத் தெரியாது. வழியைக் கேட்டேன், தந்தார். அதுக்காகத்தான் இந்த ஸ்தோத்திரம். உங்க நடுவுலயும் வலியைக் கசாயத்துல அமுக்கிட்டு, பேரு சொல்லாம ஆமென் சொல்லுறவங்க இருப்பீங்க. ஜெபியுங்க, டாக்டரையும் பாருங்க. ஒருத்தர் சொன்னதோட நிறுத்தாம இன்னொருத்தர்கிட்டயும் கேளுங்க. கேக்குறவங்களை அவர் கைவிடுறவர் இல்ல.

என் விண்ணப்பத்தைத் தொடர்ந்து வாசிங்க. ஒரே ஒரு திருத்தம். 'பெயர் சொல்ல விரும்பாத சகோதரி'ங்கிறதை அடிச்சிருங்க. அம்மையும் சம்மதிச்சாச்சு. அந்த இடத்துல 'பெனிலா'ன்னு எழுதிக்கோங்க.