கேம் கன்சோல் மேல் ஈரத் துண்டு

அந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

எங்கள் வீடு திண்டிவனத்தில். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளுக்கு அவள் சித்தப்பா துபாயிலிருந்து ஒரு கேம் கன்சோல் வாங்கி வந்திருந்தார். இந்தக் கோடையில் அது சூடேறித் தானாகவே அணையத் தொடங்கியது. டிவி திரையில் ஓர் எச்சரிக்கை வரும், உடனே எல்லாம் இருண்டுவிடும். பாண்டியில் ரிப்பேர் கடை இருக்கிறது, கொண்டுபோகலாம் என்றாள்.

“இதுக்குப் போயி பாண்டிக்கு ஓடணுமா? நெலத்துல மோட்டார் சூடானா இன்னா பண்றோம்? ஈரச் சாக்கு போடறோம். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது.”

“அப்பா, அது மோட்டாரு. இது கம்ப்யூட்டர் மாதிரி.”

“சூடு எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா.”

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் பேசிய பேச்சு இது.

துண்டை மேலே போட்டு, எதிரில் டேபிள் ஃபேனை வைத்தேன். இரண்டு நாள் அணையாமல் ஓடியது. “பாத்தியா?” என்று அவளிடம் நான்கைந்து முறையாவது கேட்டிருப்பேன். அது சூடேறியதற்கு உண்மையான காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. கூடத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தோம். அந்தத் தோலும் தூசியும் உள்ளே போய்ச் சின்ன விசிறியை அடைத்துக்கொண்டிருந்தன. பிரஷ் வைத்துத் துடைத்தால் பத்து நிமிட வேலை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்த மகள், திரை இருண்டு கிடப்பதைப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள். அன்று காலை நான் மறுபடியும் நனைத்துப் போட்ட துண்டிலிருந்து வடிந்த தண்ணீர் ஒயர் வழியாக இறங்கி, தரையில் கிடந்த ஜங்ஷன் பாக்ஸில் தேங்கியிருந்தது.

அவள் கத்தவில்லை. விக்கல் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை பிளக்கை விட்டு வரவில்லை, தோள் உதறியது. நான் எழுந்து அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க” என்றாள் என் மனைவி. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மகள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நாடித் துடிப்பு சீராக இல்லை என்று சொல்லி விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் மகள் கண்ணைத் திறந்து, “கேம் சேவ் ஆச்சா இல்லியான்னு தெரியல” என்றாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

விழுப்புரத்தில் இளவயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. திண்டிவனத்தில் எழுதிக்கொடுத்த சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“கரண்ட்டு பெட்டி மேல ஈரத் துணி எப்படி வந்துச்சு?”

மகள் முந்திக்கொண்டாள். “நான்தான் போட்டேன் டாக்டர். வீடியோல பாத்து.”

“காலேஜ் படிக்கிற பொண்ணு, இதுகூடவா தெரியாது? இன்னும் ரெண்டு செகண்டு போயிருந்தா உன்னை இங்க கொண்டாந்தே பிரயோஜனம் இல்ல.”

அந்தப் பேச்சு முழுவதையும் அவள் படுத்தபடி வாங்கிக்கொண்டாள். என் மனைவி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். அரை மணி கழித்து டாக்டரம்மா திரும்பி வந்து மறுபடியும் அவளைத் திட்ட ஆரம்பித்தபோதுதான், “போட்டது நான், மேடம்” என்றேன்.

“என்ன வேலை பாக்கறீங்க சார்?”

“வாத்தியார்.”

“என்ன சப்ஜெக்ட்?”

சொன்னேன். அவர் தாளில் ஏதோ எழுதிவிட்டு, நாலு மணிக்கு இன்னொரு ஈசிஜி எடுக்கச் சொல்லிப் போய்விட்டார்.

“ஏம்ப்பா சொன்ன? நாந்தான் சமாளிச்சிக்கினு இருந்தேனே.”

“நீ ஏம்மா பொய் சொன்ன?”

“உங்க ஸ்கூல் பசங்களோட அப்பா அம்மால்லாம் இங்கதான வருவாங்க” என்றாள், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்காத குரலில்.

நாலு மணிக்கு எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என் மனைவி ஸ்டூலை என் பக்கம் தள்ளி, “உக்காருங்க” என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை என்னால் எடுக்க முடியவில்லை.