மூக்கண்ணனின் ஃபில்டர்

ஆள் வருவதற்கு முன்னால் அவர் மூக்கு வந்துவிடும். அதனால் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் அவருக்கு மூக்கண்ணன் என்றே பேர். கப்பலின் வயிற்றில் கடல்தண்ணீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. உப்பு இரும்பை முதலில் தின்பது அங்கேதான். அதற்குள் இறங்கி, பதினைந்து வருஷம் துரு அண்டாது என்று கம்பெனி அடித்துச் சொல்கிற பெயிண்டை அடிப்பது அவர் வேலை. கலந்து கொடுப்பது என் வேலை.

இறங்குமுன் ஒரு சோதனை. முகமூடி மாட்டியவர் முன்னால், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியை நான் ஆட்டுவேன். வாசனை வந்தால் முகமூடியில் விஷக்காற்றைத் தடுக்கும் ஃபில்டர் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டே நாளில் வந்துவிடும். மூக்கண்ணனுக்கு மூன்று வாரமானாலும் வராது.

"அவர் ஃபில்டர் மட்டும் எப்படிய்யா உழைக்குது? நீங்க என்ன, அதைத் திங்கறீங்களா?" என்று சூப்பர்வைசர் எகிறுவார். கடைசியில் ஆளுக்கு மாசம் ஒன்றுதான், அதற்கு மேலும் வாசனை வருகிறவனுக்கு வேலை இல்லை என்று ஆக்கிவிட்டார்.

இதில் அதிகம் வெந்தவன் மூக்கண்ணனின் மச்சான், பெண்டாட்டியோட தம்பி. அவனும் பெயிண்ட் அடிக்கிறவன். "அக்கா புருஷனாச்சேன்னு பாக்கறேன்" என்று பல்லைக் கடிப்பான்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு முட்டையால். மத்தியானம் மூக்கண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்திலிருந்த இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். அவர் பாட்டுக்கு முட்டையை உப்பில் தொட்டு வாயருகே கொண்டுபோனார்.

கையைப் பிடித்தேன். "அண்ணே, அது செத்து மூணு நாளாச்சு. இம்மாம் பெரிய மூக்கு என்ன, கண்ணாடி மாட்டவா?"

அவர் சிரிக்கவில்லை. "மூக்கு போயி ஒன்றரை வருஷமாச்சுப்பா. வீட்ல பால் தீஞ்சாலும் தெரியல. வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா தொட்டிக்குள்ள விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"சொல்லல. ஆனா நாளைக்கு வாசனை வருதுன்னு சொல்லி இந்த மாசத்து ஃபில்டரை வாங்கிக்குங்க."

மறுநாள் துணியை ஆட்டினேன். "வருது" என்றார், பொய் சொல்லிப் பழகாத குரலில்.

சூப்பர்வைசர் திரும்பினார். "உங்களுக்கேவா? நேத்துவரைக்கும் வரலையே! நீங்களும் இவனுங்களோட சேந்துட்டீங்களா? இல்ல மூக்குல ஏதாவது கோளாறா? டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா?"

டாக்டர் என்றதும் மூக்கண்ணன் முகம் வெளுத்தது. "இல்ல சார்... சும்மா, ஒரு நினைப்பு. வரல" என்று ஏணியில் காலை வைத்தார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள், அடித்த ஈரப் பெயிண்டிலேயே முகம் குப்புற விழுந்தார். முதுகில் சுமந்து வெளியே ஏற்றியவன் அந்த மச்சான்தான். "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே வந்தான்.

உயிர் இருக்கிறது. பாதி நுரையீரல்தான் தேறும் என்றார் டாக்டர். கட்டிலிலிருந்து கதவுவரை போனால் கதவைப் பிடித்துக்கொண்டு இளைக்கிறார். பார்க்கப் போன என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "நான் விழுந்த இடத்துல பெயிண்ட் கெட்டுப்போச்சா?"

கெட்டுத்தான் போயிருந்தது. அந்த இடத்தைச் சுரண்டித் திரும்ப அடிக்க மச்சானை அனுப்பினார்கள். மூக்கண்ணன் விஷயத்தை அவனிடம் சொல்லியிருந்தேன். ரெண்டு வீட்டுக்கும் இனி சம்பாதிக்க அவன் ஒருத்தன்தான். ஏணியருகே வெளியாட்கள் மூன்று பேர் வேலை கேட்டுக் காத்திருந்தார்கள்.

துணியை ஆட்டினேன். முகமூடிக்கு மேலே அவன் கண் கலங்கித் தண்ணீர் வழிந்தது.

"வாசனை வருதா?" என்றார் சூப்பர்வைசர்.

"வரல சார்."

நோட்டில் டிக் போட்டேன். இறங்கிவிட்டான்.