வெள்ளத்தில் வந்த வரைபடம்

எங்கள் தையற்கூடத்தில் பெரிய கத்தரியைத் தொடும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அவரை எல்லோரும் மாஸ்டரக்கா என்போம். கட்டிங் மாஸ்டர் என்றால் ஆணாகத்தான் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் அவரிடமே வந்து, "மாஸ்டர் எங்கம்மா?" என்று கேட்பார்கள். "நூல் வாங்கப் போயிருக்கார். அதுக்குள்ள நானே வெட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணெதிரே வெட்டிக் கொடுத்து அனுப்புவார். இருபத்து நாலு வருஷமாக அந்த மேசை அவருடையது. நான் அதற்கு எதிர் மெஷினில் இருக்கிறேன். அதனால் நடந்தது முழுக்க எனக்குத் தெரியும்.

அவருடைய அப்பா வெல்டர். வயது எழுபத்தாறு ஆகியும் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருடைய கேட்டையாவது ஒட்டிக்கொண்டிருப்பார். நாலு வயதில் ஒரு பெருவெள்ளத்தின்போது நிவாரண லாரியில் வந்து, ஒரு சிறுவர் இல்லத்தில் இறக்கிவிடப்பட்டவர். பெயர் கேட்டதற்கு "சிட்டு" என்று மட்டும் சொன்னாராம். இல்லத்துக்காரர்கள் பதிவேட்டுக்கு லட்சணமாக ஒரு பெயர் வைத்தார்கள். கூட இருந்த பிள்ளைகளைப் பார்க்க யாராவது ஒரு சித்தப்பா, ஒரு மாமா என்று வருவார்கள். இவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பத்து வயதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். மகளுடைய கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், "உங்க பக்கம் சொந்தம் யார் யார்?" என்று கேட்டபோது, "நானும் என் நிழலும்" என்று சொன்னவர்.

போன வருஷம் அந்த இல்லத்தை மூடினார்கள். அங்கே வளர்ந்தவர்களின் கோப்புகளை அவரவர் முகவரிக்கு அனுப்பி வைத்தார்கள். அப்பாவுக்கும் ஒரு பழுப்பு உறை வந்தது. அவர் அதைத் திறந்து பார்க்காமல் வெல்டிங் ராடு கட்டுகளுக்கு மேலே போட்டுவிட்டார். மாஸ்டரக்காதான் பிரித்தார். உள்ளே சேர்க்கைப் படிவம் ஒன்று. அதோடு ஓரம் முழுக்கத் தண்ணீர் தின்ற, உள்ளங்கை அகலத் தாள் ஒன்று. "பையன் இடுப்பில் எண்ணெய்த்துணியில் கட்டியிருந்தது" என்று அதன் பின்னால் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அதை மேசைக்குக் கொண்டு வந்தார். ஏதோ கோடுகள், சில எண்கள். எனக்குக் குழந்தைக் கிறுக்கல் போலத்தான் இருந்தது. அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது கை வெட்டு" என்றார்.

"எது?"

"இந்த வளைவு. தோள்லேர்ந்து அக்குள் வரைக்கும் வெட்டுவோமே, அதே மாதிரி இறங்குது பாரு. பக்கத்துல நேர் ஓரம், அதுல ஒரு அளவு போட்டிருக்கு. யாரோ ஒரு நிலத்துக்குப் பேட்டர்ன் போட்டிருக்காங்க."

நேர் ஓரத்தில் 212 என்று எண் இருந்தது. வளைவின் அடியில் ஒரு சின்னச் சதுரம், கிணறாக இருக்கலாம். ஊர்ப் பெயரோ, நிலத்தின் எண்ணோ எதுவும் மிஞ்சவில்லை.

அப்பாவிடம் கேட்டதற்கு, "விட்டுட்டுப் போனவங்களை எதுக்கும்மா தேடணும்?" என்று சொல்லி முகமூடியை இறக்கிக்கொண்டார். பற்றவைப்பு முகமூடி இறங்கிவிட்டால் அவரிடம் பேச்சு நடக்காது.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரக்கா நில ஆவண அலுவலகத்துக்குப் போனார். அங்கே பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் தூசி ஒவ்வாமைக்காரர். மூக்குக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு திருடனைப் போல நிற்பார். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊர் பேர் இல்ல, புல எண் இல்ல. நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?"

"வடிவம் இருக்கு சார். அளவு இருக்கு. எனக்கு அது போதும்."

"அளவும் இப்ப உள்ளது இல்லம்மா. அப்பல்லாம் இரும்புச் சங்கிலி போட்டு அளப்பாங்க. இது கண்ணிக் கணக்கு. ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி."

அங்குலம் என்றதும் மாஸ்டரக்காவுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே மனக்கணக்குப் போட்டு, "அப்ப இருநூத்திப் பன்னெண்டு கண்ணின்னா நூத்தி நாப்பது அடி" என்றார். எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். துண்டை மூக்கிலிருந்து இறக்கினார்.

"உக்காருங்க அக்கா" என்றார்.

சேர்க்கைப் படிவத்தில் வெள்ளம் வந்த வருஷம் இருந்தது. அந்த வருஷம் லாரிகள் போனது ஆற்றங்கரையில் முப்பத்தோரு ஊர்களுக்கு என்று எழுத்தர் தேடிச் சொன்னார். ஆனால் வெள்ளத்துக்கு முந்திய படங்கள் எதுவும் இல்லை. அந்த வெள்ளம் பழைய பதிவறையையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. இருப்பதெல்லாம் பிறகு அளந்து வரைந்தவை.

மாஸ்டரக்கா எங்கள் கூடத்தில் பேட்டர்ன் போடும் கண்ணாடித்தாளில், அலுவலகப் படங்களின் அளவுக்கு அந்த வளைவையும் நேர் ஓரத்தையும் வெட்டி எடுத்தார். அதை ஒவ்வொரு படத்தின் மேலும் வைத்து நகர்த்திப் பார்ப்பார். சனிக்கிழமைக்கு ஒரு ஊர், சில சனிக்கிழமை இரண்டு. நிமிராமல் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை வந்ததும் நாங்கள், "கிடைச்சுதா?" என்று கேட்க மாட்டோம். அவர் கத்தரியை எடுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஏழு மாதத்தில் முப்பத்தோரு ஊரும் முடிந்தது. ஒன்றிலும் பொருந்தவில்லை.

"நிலத்தையே ஆறு தின்னிருக்கும் அக்கா" என்றார் எழுத்தர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். மாஸ்டரக்கா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த வாரம் அவர் யாரோடும் சிரித்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தைத்து முடித்த அங்கி ஒன்று, அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைப் பிரித்து, துண்டுகளை அடுக்கி, முழுத்துணியில் எப்படி வெட்டியிருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்துவிட்டு, "அளவு இடிக்குதே அக்கா" என்றாள்.

"இடிக்கத்தான் செய்யும். தையலுக்கு விட்ட இடத்தைப் பிசிறு எடுக்கறேன்னு நறுக்கிட்டாங்க. அது இங்க இல்ல. அதையும் சேர்த்துக் கணக்கு…"

சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். குறி போடும் சாக்பீஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நான் முழுத்துணியையே தேடிட்டிருந்தேன்" என்றார். "வெள்ளத்துக்கு அப்புறம் எதையாவது நடுவுல வெட்டியிருப்பாங்க இல்ல? ரோடோ, வாய்க்காலோ?"

அன்றைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனார். அப்படி அவர் போய் நான் பார்த்ததில்லை.

எழுத்தருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. வெள்ளத்துக்குப் பிறகு ஒன்பது ஊர்களில் வடிகால் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அந்த ஒன்பது படங்களை மட்டும் எடுத்து விரித்தார். மாஸ்டரக்கா இப்போது கண்ணாடித்தாளை வாய்க்காலின் குறுக்கே, இரண்டு கரையிலும் படும்படி வைத்தார். ஐந்தாவது ஊரில் கை நின்றது. மேலே ஒரு துண்டு நிலம், கீழே ஒரு துண்டு, வேறு வேறு எண்கள். வளைவு மேலே தொடங்கி, வாய்க்காலில் மறைந்து, கீழே சரியாக அதே இடத்தில் வெளியே வந்தது.

"ஓரம் எவ்வளவு போட்டிருக்கு, படிங்க" என்றார்.

எழுத்தர் மீட்டரைப் படித்து அடியாக்கினார். "மேல் துண்டு எழுபது. கீழ் துண்டு நாப்பது. வாய்க்கால் அகலம்…" என்று சொல்லித் தும்மினார். மறுபடி தும்மினார். மாஸ்டரக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"முப்பது."

வளைவின் அடியில், கீழ்த் துண்டுக்குள் கிணற்றுக்கான சதுரமும் இருந்தது.

எழுத்தர் ஓடிப்போய் உரிமைப் பதிவேட்டைக் கொண்டு வந்தார். இரண்டு எண்களுக்கும் ஒரே உரிமையாளர், ஒரு பெண். அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அவர் விரல் வைத்து மெதுவாகப் படித்தார்: "மற்றும் அவர் தம்பி, அழைக்கும் பெயர் சிட்டு. வெள்ளத்தில் பிரிந்தவர். இருப்பிடம் தெரியவில்லை. பங்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

மாஸ்டரக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவர் படித்தார். பிறகு தானாகவே எழுந்து போய் அதற்கு முந்தைய பதிவேட்டையும், அதற்கும் முந்தையதையும் எடுத்து வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு மூன்று முறை நிலம் அளந்திருக்கிறார்கள். மூன்று பதிவேட்டிலும், மூன்று வெவ்வேறு கையெழுத்தில், அதே வரி.

"அக்கா, இது தானா வராது" என்றார் எழுத்தர். "ஒவ்வொரு தடவையும் யாராவது நேர்ல நின்னு, எழுதுன்னு சொல்லியிருக்கணும். கடைசியா எழுதினது பதினோரு வருஷம் முன்னாடி. அவங்க இருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒரு ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரக்கா அந்தப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலை நீட்டினார். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முகமூடியை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை.

"மூணு தடவையா?" என்று கேட்டார்.

"மூணு தடவை, அப்பா."

"நம்ம ஊருக்குப் போக எத்தனை மணிக்கு பஸ்?" என்றார்.

மறுநாள் காலையில் போனார்கள். பதிவேட்டில் இருந்த முகவரி வீட்டில் எண்பத்து மூன்று வயது அம்மாள் ஒருவர் வரவேற்பறையில் உட்கார்ந்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து வானிலைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டரக்கா காரணத்தைச் சொல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. பின்னால் நின்றவரைப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"சிட்டு" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமாக்கா" என்றார் அப்பா. எழுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒருவரை அக்கா என்று உரிமையோடு கூப்பிட்டது அதுதான்.

"நிலத்துப் படத்த இடுப்புல கட்டி முதல் படகுல உன்ன ஏத்தினாங்கடா. ரெண்டாவதுல நாங்க கிழக்குக் கரைக்கு வந்தோம். அப்பா தண்ணியோட போயிட்டார். அம்மாவும் நானும் கிழக்குக் கரை முகாமெல்லாம் தேடினோம். மேற்குக் கரைக்கு லாரி வந்ததே எங்களுக்குத் தெரியாதுடா. ஆறு வருஷம் தேடிட்டு அம்மாவும் போயிட்டா." சொல்லிக்கொண்டே அவர் தம்பியின் கையைத் திருப்பிப் பார்த்தார். தீப்பொறி பட்ட தழும்புகள் முழங்கைவரை இருந்தன. "யாருடா உன்ன இப்படிச் சுட்டது?"

"நானேதான்கா. வெல்டிங்."

அதற்கு அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகுதான் இருவரும் அழுதார்கள். மாஸ்டரக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அளவைக்காரர்கள் ஒவ்வொரு முறையும், "ஆளே இல்லாத பேரை எதுக்குமா வெச்சுக்கணும், எடுத்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது முறை வந்தவர் எழுத மறுத்திருக்கிறார். அந்த அம்மாள், மாஸ்டரக்காவின் அத்தை, நாற்காலியைத் தூக்கிப்போய் அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம். "எழுதற கைக்கு என்ன, ஒரு வரி அதிகமா எழுதினா தேஞ்சா போயிடும்னு கேட்டேன்" என்று அத்தை சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து மூவரும் பதிவறைக்கு வந்தார்கள். எங்கள் கூடத்திலிருந்து நானும் போயிருந்தேன். எழுத்தர் துண்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, புதிய மை நிரப்பிய பேனாவால் அந்த வரியின் மேல் கோடு போட்டார். பக்கத்தில் அப்பாவின் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். இல்லத்தில் வைத்த பெயரை எழுதி, அதன் அருகே சிட்டு என்றும் எழுதினார். அத்தை பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் விட்டார்.

அங்கிருந்து நேராக நிலத்துக்குப் போனோம். வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, கிணறு அந்தக் காலத்திலேயே அந்த இடத்தில்தான் இருந்ததா, நகர்ந்துவிட்டதா என்று அக்காவும் தம்பியும் வாக்குவாதம் செய்தார்கள். கிணறு எப்படி நகரும் என்று அத்தை கேட்டார். தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் அப்பா. நாலு வயது ஞாபகத்தை வைத்துக்கொண்டு பெரியவளிடம் மல்லுக்கு நிற்காதே என்றார் அத்தை. மாஸ்டரக்கா டேப்பை எடுத்து அளக்கப் போனார். "நீ சும்மா இரும்மா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.