முதல் மீனைத் தூக்கக் கூடாது

எங்கள் முதலாளிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு ஒன்று உண்டு. ரேணிகுண்டாவில் பட்டறை வைத்திருக்கிறவர், வாரக் கடைசியானால் விலையுயர்ந்த தூண்டிலும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கடலுக்குக் கிளம்பிவிடுவார். விற்பதற்கோ குழம்புக்கோ அல்ல. மீனோடு மல்லுக்கட்டி, அதைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ள. அதிலும் மகி மகி என்றால் ஒரே வெறி. பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பட்டுப்புடவைக் கடையில் பிறந்தது போல இருக்கும் அந்த மீன்.

நான் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். இரை கோக்க, அவர் வாந்தி எடுத்தால் வாளி பிடிக்க. படகுக்காரர் முதல் நாளே எனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லித் தந்தார். மகி மகி கூட்டமாகத் திரியும். முதலில் மாட்டுகிற மீனைப் படகில் ஏற்றக் கூடாது. தூண்டிலோடு தண்ணீரிலேயே துடிக்க விட வேண்டும். அது துடிக்கிற வரைக்கும் மற்றவை அதை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். தூக்கிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். கேட்டபோது எனக்குக் குமட்டியது. இரண்டாவது முறை அந்தத் தூண்டிலை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது முறை என் மச்சானும் வந்தார். என் மனைவியின் அண்ணன். அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறார், என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். புது ஷெட்டுக்கு சூப்பர்வைசர் எங்கள் இருவரில் ஒருவர் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை என்று பார்த்தால் அவர் கால்தூசிக்கு நான் ஆக மாட்டேன். இது பட்டறைக்கே தெரியும். போதாததற்கு, பிச்சாட்டூர் அணையில் மீன் பிடித்து வளர்ந்த ஆள் என்று கேள்விப்பட்டு முதலாளி அவரையும் படகுக்கு அழைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அணையில் பழக்கம் வேறு. மாட்டிய மீன் தண்ணீரில் துடித்தால் மற்றவை மிரண்டு ஓடிவிடும் என்று, சட்டென்று இழுத்து மண்டையில் ஒரு போடு போடுவார்கள். முதலாளி முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வர, காரில் மச்சான் இதைத்தான் என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடலில் அப்படி இல்லை மச்சான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெயில் ஏறிய நேரத்தில், மிதந்து வந்த ஒரு பனைமரத்துண்டின் அருகே முதல் மீன் மாட்டியது. முதலாளி அரைமணி நேரம் இழுத்துப் படகோரம் கொண்டுவந்து, மச்சான் கையில் தூண்டிலைக் கொடுத்துவிட்டு, அடுத்த தூண்டிலை எடுக்கத் திரும்பினார். படகுக்காரர் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் பத்துப் பதினைந்து மீன்கள் பளபளவென்று சுற்றின.

"மாப்ள, இத்த தூக்கிடட்டா?"

"தூக்குங்க மச்சான். இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?"

தூக்கினார். கட்டையால் ஒரே அடி. படகுக்காரர் "ஐயோ" என்று கத்துவதற்குள் கூட்டம் போய்விட்டது. மச்சானின் கையிலேயே அந்த மீனின் நிறமெல்லாம் வடிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"புத்தி உந்தா நீக்கு?" என்று தெலுங்கில் ஆரம்பித்த முதலாளி, புத்தியில் நிறுத்தவில்லை. ஊர், பிறப்பு, எல்லாவற்றையும் இழுத்தார். ஈரத் துணியை மச்சானின் முகத்தில் விட்டெறிந்தார். மச்சான் முகத்தைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். நான்தான் தூக்கச் சொன்னேன் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். கேக்கல" என்றேன்.

இப்படி ஒரு பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. மச்சானின் கண் ஒரு கணம் என்மேல் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா சார். மாப்ள சொன்னாரு. எனக்குத்தான் காதுல வுழல."

அந்த வாரமே புது ஷெட் எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. என் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே அண்ணனைப் பிடிபிடி என்று பிடித்தாள்.

"அவுரு அவ்ளோ சொல்லியும் கேக்காத போனியாமே? நீயே சொன்ன. இப்ப பாரு, அவுரு கீழ கைகட்டிக்கினு நிக்கணும். ஒனக்கு நல்லா வேணும், அண்ணா."

இவளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். தங்கையின் குடும்பத்தில் ஒரு கீறல் விழக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"விடும்மா. மாப்ளய துன்ன வுடு" என்றார் அவர்.

நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.