திகனக் கல்யாணத்து முழம்

எனக்குக் கை குட்டை, வாய் நீளம். பூக்கடை வைக்கிறவளுக்கு இந்த இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கடை திறந்த அன்றே சொன்னார். அவர் நகரசபையில் பியூன். எதையும் மெதுவாகத்தான் சொல்வார், ஆனால் குத்தலாகச் சொல்வார். "கடைக்குப் பூட்டு வாங்குறப்ப உன் வாய்க்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிடு" என்றார். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம்.

பூக்கடைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சரத்தை முழம் போட்டுத்தான் விற்போம். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். அளப்பது விற்கிறவரின் கை. கண்டி மார்க்கெட்டுப் பக்கத்தில் பெரிய பூக்கடை வைத்திருந்த முதலாளிக்கு நல்ல நீளமான கை. அவருக்குத்தான் நான் பதினொரு வருஷம் சரம் கட்டிக் கொடுத்தேன். விடிந்ததும் உட்கார்ந்தால் வாழைநார் ஈரத்தில் விரல் ஊறி வெளுத்துப் போகும். ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். என்ன சண்டை என்பது இப்போது ஞாபகம் இல்லை, ஆனால் நியாயம் என் பக்கம்தான். வாசலில் நின்று அவர் சொன்னது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கோபக்காரிக்கு யாவாரம் ஒத்து வராது. ஆறு மாசத்துல இங்கேயே வந்து நார் கிழிப்ப, பார்த்துக்க."

அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே வைராக்கியம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு முழுவதையும் போட்டு, ஏரிக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன அறையை எடுத்தேன். வாசலில் ஒரு பலகை மாட்டினேன். 'ஒரே விலை. சொன்னால் சொன்னதுதான். கொசுறு கிடையாது.' எழுதிக் கொடுத்த ஆள், "அக்கா, இதுல ஒரு வணக்கமாவது சேர்த்துக்கலாமே" என்று கேட்டான். இடமில்லை என்றேன்.

பேரம் பேசாமல் பூ வாங்கத் தெரிந்த மனிதரை நான் கண்டியில் பார்த்ததில்லை. புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் பூசைத் தட்டு வாங்குகிறவர்கள் பரவாயில்லை, சாமி காரியம் என்று சத்தம் போடாமல் கொடுத்துவிடுவார்கள். அரசாங்கக் கச்சேரி ஆபீஸ் கிளாக்கர்மார்தான் பொல்லாதவர்கள். எடுத்து மோந்து பார்த்து, வாசனையை ஓசியில் எடுத்துக்கொண்டு, "வாடியிருக்கே" என்று திருப்பி வைப்பார்கள். "மோந்ததுக்கு ரெண்டு சதம் வச்சிட்டுப் போங்க" என்பேன். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி, என்னிடம் இருக்கிற ரோஜா தன் பங்களாவிலேயே சும்மா பூக்கிறதே, அதற்கு எதற்கு இந்த விலை என்று கேட்டாள். சும்மா பூப்பதை விட்டுவிட்டு என்னிடம் ஏனம்மா வந்தீர்கள் என்று கேட்டேன். அவளோடு வந்த பங்களாச் சமையல்கார அப்பு அதை எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது, அவள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

உண்மையிலேயே கையில் காசில்லாதவர்கள் வந்தால் வேறு மாதிரி. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்குக் கல்யாணம், மடியில் ஒன்றரை ரூபாய் முடிச்சு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மாலை நிறைவாகத் தெரிய வேண்டும் என்றார். விலையை நான் குறைக்கவில்லை. பூவை மாற்றினேன். நெஞ்சில் விழுகிற பக்கம் மல்லிகை, முதுகில் விழுகிற பக்கம் முழுக்கச் சாமந்தியும் மரிக்கொழுந்தும். மாப்பிள்ளையின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த மனிதர் மாலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மகாராசியா இருப்ப தாயி" என்றார். அன்றெல்லாம் என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாவது மாதம் திகன நானா வந்தார்.

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வியாபாரிகளை நானா என்றுதான் கூப்பிடுவோம். இவருக்குத் திகனவில் சாமான் கடை. தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்தால் அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறவர் என்று பெயர். மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரு மாலை, பெண் உட்காரும் அறையை அலங்கரிக்க நூறு முழம் மல்லிகைச் சரம் என்றார். எனக்கு உள்ளுக்குள்ளே குதித்தது. கடை வைத்த பிறகு அவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை. முழம் பத்துச் சதம் என்றேன்.

"ஏழு போடுங்க தங்கச்சி."

"பலகையைப் பாருங்க நானா."

"எட்டு?"

"நானா, பலகை."

அவர் பலகையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "சரி, பத்தே ஈக்கட்டும். ஆனா உங்கட கை முழம் எனக்கு வேணா. இது முழமில்ல, சாண்" என்றார். எதிர்க் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "விலையில ஒரு சதம் குறையாது! கை குட்டைன்னா உங்க வீட்டு ஆளு யாரு கையால வேணும்னாலும் அளந்துக்கங்க, போங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

நானா சிரித்தார். கடைக்கு வெளியே திரும்பி, "தம்பி, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். ஒரு மனிதர் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். என் கடை வாசலில் அதற்கு முன் யாரும் குனிந்து நுழைந்ததில்லை. "என்ட தம்பி. எங்கட வீட்டு ஆள்தான். கலியாணத்து அண்டைக்கு இவர்ட கையால அளப்பம்" என்றார் நானா. பிறகு என் பலகையை நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "சொன்னா சொன்னதுதான் எண்டு நீங்களே எழுதி வச்சீக்கிறீங்க."

அந்தத் தம்பி பாவம், நல்ல மனிதர். நான் கேட்டதும் வெட்கத்தோடு கையை நீட்டினார். ஒரு நாரை வைத்து அளந்து பார்த்தேன். என் கையில் ஒரு முழம் போய், மேலே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக நின்றது. கெலிஓயாவில் மொட்டு வாங்குகிற விலை, நார், பஸ் கூலி, உதவிக்குக் கூப்பிடுகிற இரண்டு பெண்களின் கூலி என்று போட்டுப் பார்த்தால் சரத்துக்கே பதினொரு ரூபாய் ஆகும். வருவது பத்து. கடையில் இருந்த முதல் அந்தப் பதினொன்றுதான். அதில் ஒரு ரூபாய் போனாலும், அறை வாடகை கொடுத்த பிறகு அடுத்த வாரம் மொட்டு வாங்கக் காசிருக்காது. நேரே போய் மார்க்கெட்டுப் பக்கம் உட்கார்ந்து நார் கிழிக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டிடேன். முழம் நீளும், பூ குறையும்" என்றார்.

"கல்யாணப் பூவுலயா? ஒரு பொண்ணு உட்காருற இடத்துல நார் தெரியிற மாதிரி கட்டச் சொல்றீங்களா?" என்று பாய்ந்தேன்.

"பூட்டு வாங்கச் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். போனவர் கெலிஓயாவுக்குப் போய், விலை பேசி, மொட்டுக் கூடையோடுதான் திரும்பி வந்தார். என் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த மனிதர் அப்படித்தான்.

நெருக்கமாகவே கட்டினேன். அழுதுகொண்டு கட்டினேன் என்றும் சொல்லலாம், ஆனால் பூ நன்றாக வந்திருந்ததால் நடுநடுவே சந்தோஷமும் வந்தது. தம்பியின் கை அளவுக்கு வெட்டி வைத்த நாரை வைத்து நூறு எண்ணி, ஈரத்துணியில் சுற்றி, நான்கு கூடைகளில் அடுக்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திகனவுக்குப் போனேன்.

வீடு நிறைய ஆட்கள். முன்பக்கம் ஆண்கள், பெரிய திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள். நானாவும் தம்பியும் வாசலிலேயே நின்றார்கள். மாலையைப் பார்த்து நானா தலையாட்டினார். "சரத்தை அளப்பம்" என்று தம்பிக்குக் கை காட்டினார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் வந்து நான்கு கூடைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பெண் உட்காரும் அறைக்கு வந்த பூ, அங்கேதானே போகும்? நான் கூடைக்குப் பின்னாலேயே ஓடினேன். தம்பி இரண்டு எட்டு வைத்தார், திரையைக் கண்டதும் நின்றுவிட்டார். உள்ளே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் முக்காடு இல்லாமல் இருந்தார்கள். எந்த ஆம்பிளை நுழைய முடியும்? அளக்கப் போகிற கையைத் தேடிப் பிடித்த நானா, அளக்கப் போகிற இடத்தை யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

"அளக்கோணுமாம்" என்றேன் உள்ளே இருந்தவர்களிடம்.

நானாவின் மனைவி எழுந்து வந்தார். கட்டையான, உருண்டையான அம்மாள். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். என் வாயைப் பற்றியும் மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார்.

"எங்கட வீட்டு ஆள் யாரும் அளக்கலாம் எண்டு அவர்ட முன்னுக்குச் சொன்னீங்களா?"

"தெருவே கேட்டுச்சு, ராத்தா."

"அப்ப நான் அளக்கிறன்" என்றார்.

கையை நீட்டினார். வளையல்களை மேலே தள்ளிக்கொண்டார். அந்தக் கை என் கையைவிடக் குட்டை! நான் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான். ராத்தா உட்கார்ந்து ஒவ்வொரு முழமாக, இழுக்காமல், தளர்த்தாமல், அழகாக அளந்தார். அளக்க அளக்கப் பெண்கள் சரத்தைத் தூக்கிச் சுவரிலும் தூணிலும் கட்டினார்கள். ஐம்பது தாண்டியபோது அவர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"கலியாணம் முடிச்சு இருவத்தி ரெண்டு வருசம் தங்கச்சி. அரிசி, எண்ண, சீத்தத் துணி எல்லாம் அவர்தான் அளந்து தருவாரு. இந்த ஊட்டுல என்ட கையால ஒண்ட அளக்கிறது இண்டைக்குத்தான்."

நான் சரத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். அவர் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திமூன்று என்று சத்தமாக எண்ணினார்.

நூற்று நாற்பத்தாறு வந்தது.

"எண்ணி முடிஞ்சதா?" என்று திரைக்கு வெளியே நானாவின் குரல்.

"முடிஞ்சது. நூத்தி நாப்பத்தாறு."

"என்னது! நூறுதானே சொன்னது? யாரு அளந்தது?"

"நான்தான். நானும் உங்கட வீட்டு ஆள்தானே?"

 "தம்பிட கையால அளக்கோணும்" என்றார் நானா.

"உள்ள வரச் சொல்லுங்க பாப்பம்" என்றார் ராத்தா. அறையிலிருந்த அத்தனை பெண்களும் சிரித்த சிரிப்பில் திரைச்சீலை ஆடியது. "மிச்சத்தக் கழட்டவும் ஏலாது, எல்லாம் கட்டியாச்சு. மகள்ட கலியாணம்."

திரையின் ஓரமாக நானாவின் கை நீண்டது. மாலைக்கு வேறு, சரத்துக்குப் பதினாலு ரூபாய் அறுபது சதம். எண்ணி எண்ணித்தான் வைத்தார். "சொன்னா சொன்னதுதான்" என்று முணுமுணுத்தார். அந்தக் குரலில் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் கூடுதலாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

கூடைகளை எடுத்தேன். ஒன்றின் அடியில் இரண்டு கை அளவுக்கு மொட்டு உதிரியாகக் கிடந்தது. பஸ் பிடிக்க ஓட வேண்டியவள், அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து மளமளவென்று கட்டினேன். கட்டி முடித்து ராத்தாவிடம் நீட்டினேன். அவர் பழக்க தோஷத்தில் திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இது எத்தின முழம் தங்கச்சி?"

"இதை அளக்கல ராத்தா" என்றேன். "அளக்காதீங்க. வச்சுக்கங்க."